ஹம்மிங்பேர்ட் ஃபீடர்: கலவை முதல் கழுவல் வரை, வட கரோலினாத் தோட்டத்தில் ஒரு பருவம்

ராலே, கேரி, மாரிஸ்வில் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் முதல் வசந்தத்திலேயே, ஹம்மிங்பேர்ட் என்னும் சின்னஞ்சிறு பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர்க் கலவை வைக்கும் ஒரு சிவப்பு ஃபீடரை வாங்கிக் கொல்லைப்புறத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஏப்ரலில் பறவை வரும், மே மாதமும் வரும். ஜூலையில் எட்டிப் பார்க்காது. சீசன் முடிந்துவிட்டது என்று நினைத்து ஃபீடரைக் கழற்றிக் கராஜில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் இங்கே ஹம்மிங்பேர்ட் அதிகம். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் பறக்கத் தொடங்கியிருக்கும், வடக்கிலிருந்து தெற்கே திரும்பும் பறவைகளும் வந்து சேரும். பறவை அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. வெயிலில் புளித்துப்போன கலவையைத்தான் அது ஒதுக்கிவிட்டுப் போகிறது. (ஜூனில் வரத்து சற்றுக் குறைவது வேறு கதை. பெண் பறவைகள் அடைகாக்கும் நேரம் அது. அப்போது ஃபீடரைக் கழற்ற வேண்டாம்.)

ஃபீடர் வைப்பதில் முக்கால்வாசி வேலை கழுவுவதுதான். எந்த ஃபீடர், எவ்வளவு கலவை, எங்கே மாட்டுவது என்று கீழே சொல்வதெல்லாம் அந்த வேலையைச் சுலபமாக்கத்தான்.

இங்கே வரும் பறவை ரூபி-த்ரோட்டட் ஹம்மிங்பேர்ட். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ஹம்மிங்பேர்ட் இனம் இது ஒன்றுதான். எடை சுமார் 3 கிராம். சிறகு நொடிக்கு 50 தடவைக்கு மேல் அடிக்கும். பனிக்காலத்தைத் தென் மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள பகுதிகளில் கழிக்கும். வசந்தத்தில் திரும்பும்போது பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோமீட்டர், நடுவில் இறங்காமல் ஒரே மூச்சில் கடந்து வருகின்றன. நம் ஊர்த் தேன்சிட்டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து தேன் குடிக்கும், இது அந்தரத்தில் நின்றே குடிக்கும். ஆனாலும் ஃபீடரில் உட்கார ஒரு வளையம் இருந்தால் உட்கார்ந்தே குடிக்கும். அந்தரத்தில் நிற்பதற்கு ஆகும் சக்தி அதற்கு மிச்சம், நமக்கும் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். வளையம் உள்ளதாகவே வாங்குங்கள்.

எந்த ஃபீடர்

கடையில் இரண்டு வகை. ஒன்று, கவிழ்த்த பாட்டில். அடியில் சிவப்புத் தட்டு, தட்டில் நான்கைந்து துளை. மற்றது, ஆழமில்லாத கிண்ணமும் மேலே துளையிட்ட சிவப்பு மூடியும் கொண்ட தட்டு வகை. எங்கள் தேர்வு தட்டு வகைதான்.

கவிழ்த்த பாட்டிலில் கலவை கொட்டாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே மேல்பக்கம் அடைபட்ட காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது. காலை வெயில் பாட்டிலில் பட்டதும் அந்தக் காற்று சூடாகி விரியும், கலவையைத் துளை வழியாக வெளியே தள்ளும். பாட்டில் பாதி காலியாக இருந்தால் உள்ளே காற்று அதிகம், சொட்டும் அதிகம். சொட்டிய இடத்தைத் தேடி முதலில் எறும்பு, பின்னாலேயே குளவி வரும். ஏற்கெனவே பாட்டில் வகைதான் கையில் இருக்கிறது என்றால் நாள் முழுக்க நிழல் விழும் இடத்தில் மாட்டுங்கள். வெறும் தண்ணீர் நிரப்பிச் சிங்கின் மேல் 10 நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். கவிழ்த்த உடனே சில சொட்டு விழுவது இயல்பு. அதன் பிறகும் சொட்டினால் ரப்பர் வாஷர் வெடித்திருக்கும், அல்லது மரையில் சர்க்கரை கட்டியிருக்கும்.

தட்டு வகையில் இந்தத் தொல்லை இல்லை. கலவை துளைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே நிற்பதால் தேனீயின் வாய்க்கு எட்டாது. ஹம்மிங்பேர்டின் நீள அலகும் அதைத் தாண்டி நீளும் நாக்கும் எட்டிவிடும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். எல்லா பாகமும் தனித்தனியாகக் கழல வேண்டும். ஒவ்வொரு மூலைக்கும் பிரஷ் போக வேண்டும். மஞ்சள் நிறம் எங்கும் இருக்கக் கூடாது, மஞ்சள் பூ வடிவங்கள் குளவியைத்தான் இழுக்கும். கொள்ளளவு 250 முதல் 350 மில்லி போதும். ஒரு லிட்டர் ஃபீடர் வாங்கினால் நிரப்பத் தோன்றும், நிரப்பினால் அது காலியாவதற்குள் கெட்டுவிடும்.

கலவை

வெள்ளைச் சர்க்கரை 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. இரண்டையும் ஒரே கப்பால் அளக்க வேண்டும். எடையில் சொன்னால் 50 கிராம் சர்க்கரைக்கு 240 மில்லி தண்ணீர், கிட்டத்தட்ட 270 மில்லி கலவை கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு ஃபீடருக்கு இதில் 60 முதல் 100 மில்லி ஊற்றினால் போதும். மீதியை மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கொதிக்கவைப்பது கட்டாயமில்லை. வெந்நீரில் சர்க்கரை சீக்கிரம் கரையும், கலவை சற்று மெதுவாகப் புளிக்கும், அவ்வளவுதான். கொதிக்கவைத்தால் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு அளந்து, சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். சர்க்கரையும் சேர்த்து அடுப்பில் விட்டால் ஆவி போகப் போகக் கலவை கெட்டியாகும், அளந்த அளவுக்குப் பொருளில்லாமல் போகும். நன்றாக ஆறிய பிறகுதான் ஃபீடரில் ஊற்ற வேண்டும். சூடான கலவை மெல்லிய பிளாஸ்டிக்கை நெளித்துவிடும்.

நம் வீடுகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது சர்க்கரை வகை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, பழுப்புச் சர்க்கரை, சுத்திகரிக்காத 'ரா' சர்க்கரை எதுவும் வேண்டாம். நமக்கு நல்லது என்று நாம் தேடி வாங்கும் அதே இரும்புச்சத்துதான் இந்தப் பறவைக்கு ஆபத்து. பூந்தேனில் இரும்பு மிகக் குறைவு. அதற்குப் பழகிய உடம்பில் கூடுதல் இரும்பு ஈரலில் தங்கிவிடும். தேனும் கூடாது. தண்ணீர் கலந்த தேன் வேகமாகப் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். கேக் அலங்காரத்துக்கு விற்கும் தூள் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், அதையும் தவிருங்கள். கரும்புச் சர்க்கரையா, பீட்ரூட் சர்க்கரையா என்பது முக்கியமில்லை, வெள்ளையாகச் சுத்திகரித்ததாக இருந்தால் சரி. கலோரி இல்லாத இனிப்புகளால் பறவைக்கு ஒரு துளி சக்தியும் கிடைக்காது. அஸ்பார்டேம் அதற்கு இனிக்கவும் செய்யாது. பறவைகளிடம் இனிப்பை உணரும் வழக்கமான ஏற்பி இல்லை. ஹம்மிங்பேர்ட் இனத்தில் இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பி மாற்றமடைந்து சர்க்கரையை உணரப் பழகியிருக்கிறது என்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிவப்புச் சாயம் எதற்குமே வேண்டாம். ஃபீடரின் மூடி சிவப்பாக இருந்தால் போதும். வெயிலில் மூடி வெளுத்துவிட்டால் கொக்கியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். சிவப்பு, முதல் தடவை கண்ணில் படுவதற்கு மட்டும்தான். அதன்பின் பறவைக்கு இடம் நினைவிருக்கும்.

குளிர் விடாத மார்ச் கடைசியிலும் அக்டோபரிலும் 3 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு சர்க்கரை வைக்கலாம். அதைவிடக் கெட்டியாக வேண்டாம். இந்தப் பறவையின் நாக்கு உறிஞ்சுகுழாய் போல வேலை செய்வதில்லை. நுனி இரண்டாகப் பிளந்து, ஓரங்களில் மெல்லிய இழைகளோடு இருக்கும். திரவத்துக்குள் போனதும் இழைகள் விரியும், வெளியே வரும்போது சுருண்டு திரவத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று 2011-இல் வேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்கள். நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் இப்படி நக்கிக் குடிக்கும். பாகு போலக் கெட்டியானால் நாக்குக்குச் சிரமம், கோடையில் உடம்புக்குத் தண்ணீரும் போதாது.

மாட்டும் இடம்

ஆண் பறவைகள் முதலில் வரும், பெண் பறவைகள் ஓரிரு வாரம் கழித்து. ராலே வட்டாரத்தில் மார்ச் 20-25 வாக்கில் ஃபீடர் தயாராக இருக்க வேண்டும். போன வருடம் மாட்டிய அதே இடத்தில் மாட்டுங்கள். திரும்பி வரும் பறவை, ஃபீடர் இல்லாத அந்த வெறும் கொக்கியருகே வந்து நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

உயரம் ஒன்றரை மீட்டர் இருக்கட்டும், கழற்றி மாட்ட ஸ்டூல் தேட வேண்டியிருந்தால் கழுவுவது தள்ளிப்போகும். பிற்பகல் நிழல் அவசியம். மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் ஒரு புதரோ சிறு மரமோ இருந்தால் பறவை அங்கே உட்கார்ந்து ஃபீடரைக் காவல் காக்கும். பூனை பதுங்கும் அடர்ந்த செடி நேர்க்கீழே இருக்கக் கூடாது.

ஜன்னல் விஷயத்தில் நடுத்தரத் தூரம்தான் ஆபத்து. கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் மாட்டினால், மோதினாலும் வேகம் இருக்காது. இல்லையென்றால் 9 மீட்டருக்கு அப்பால். இரண்டுக்கும் இடையில் மாட்ட வேண்டி வந்தால், கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்கள். பருந்துப் படம் ஒன்றை நடுவில் ஒட்டுவது பலன் தராது. மிச்சக் கண்ணாடியில் வானமும் மரமும் தெரியும்வரை பறவை அதற்குள் புகத்தான் பார்க்கும்.

எறும்பு அகழி: வீட்டிலேயே செய்வது

பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவோமே, அதே உத்திதான். கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவில் தண்ணீர் நிரம்பிய ஒரு குவளை. நீந்தத் தெரியாத எறும்பு அங்கேயே நின்றுவிடும்.

வேண்டியவை: ஸ்பிரே டப்பாவின் பிளாஸ்டிக் மூடி (6-7 செ.மீ. அகலம், 4-5 செ.மீ. ஆழம், உட்புறம் பெயின்ட் படாதது), கால் அங்குல மரையுள்ள 4 அங்குல ஐ-போல்ட் (தலையில் வளையமுள்ள போல்ட்) ஒன்று, அதே மரையில் 2 அங்குல ஐ-போல்ட் ஒன்று, இரண்டையும் இணைக்க நீளமான கப்ளிங் நட் ஒன்று, சாதாரண நட் இரண்டு, இரும்பு வாஷர் இரண்டு, ரப்பர் வாஷர் இரண்டு. எல்லா இரும்புப் பொருளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

மூடியின் வாய் மேலே பார்க்கும்படி வைத்து, அடியின் நடுவில் கால் அங்குலத் துளை போடுங்கள். கீழே மரக்கட்டை வைத்து, மெதுவான வேகத்தில் துளையிட வேண்டும், வேகமாகப் போட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும். நீள ஐ-போல்ட்டில் ஒரு நட், இரும்பு வாஷர், ரப்பர் வாஷர் என்ற வரிசையில் மாட்டி, மேலிருந்து துளைக்குள் விடுங்கள். அடியில் ரப்பர் வாஷர், இரும்பு வாஷர், அதன்பின் கப்ளிங் நட். உள்ளே இருக்கும் நட்டைப் பிடித்துக்கொண்டு கப்ளிங் நட்டை முறுக்கினால் இரண்டு ரப்பரும் பிளாஸ்டிக்கை நெருக்கிப் பிடிக்கும். ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை முறுக்கினால் போதும். கடைசியாகச் சின்ன ஐ-போல்ட்டில் மீதி நட்டை முதலில் ஏற்றி, போல்ட்டைக் கப்ளிங் நட்டின் கீழ்முனையில் திருகி, நட்டை மேலே கொண்டுவந்து இறுக்கிவிடுங்கள். இந்தக் கடைசி நட்டை விட்டுவிட்டால் காற்றில் ஃபீடர் சுற்றிச் சுற்றி ஒருநாள் மரை கழன்று கீழே விழும்.

வெறும் சிலிகான் பசையால் அடைத்துவிடலாமே என்று தோன்றும். இந்த மூடிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதில் சிலிகான் சரியாகப் பிடிக்காது, ஒரு கோடையில் உரிந்து வந்துவிடும். வாஷர்தான் நம்பகமானது. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் காகிதத்தின் மேல் தொங்கவிட்டு, ஈரம் படாவிட்டால் ஃபீடரை மாட்டலாம்.

தண்ணீர் 2-3 செ.மீ. நிற்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் ஓரிரு நாளில் வற்றும், சிக்கடி போன்ற சின்னப் பறவைகளும் வந்து குடிக்கும். அதனால் தண்ணீரில் எண்ணெயோ மருந்தோ கலக்கவே கூடாது. கம்பியில் வாசலின், சமையல் எண்ணெய் தடவுவதும் அப்படித்தான், இறகில் பட்டால் பறவையால் அதைச் சுத்தம் செய்ய முடியாது. ஃபீடர் கழுவும்போதெல்லாம் இந்தத் தண்ணீரையும் மாற்றினால் கொசு வளராது. அகழி நிரம்பியிருந்தும் எறும்பு வருகிறது என்றால் ஏதோ ஒரு இலையோ கிளையோ ஃபீடரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதை வெட்டுங்கள்.

தேனீயும் குளவியும்

ஆகஸ்ட், செப்டம்பரில் யெல்லோஜாக்கெட் குளவிகள் கூட்டமாக வரும். மருந்தடிக்கும் எண்ணமே வேண்டாம். முதலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, மூடியின் மேல்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பிசுக்குதான் அவற்றுக்கு முதல் விருந்து. பிறகு கலவையை 5 பங்கு தண்ணீருக்கு 1 பங்காக இளக்குங்கள். தேனீக்கு அடர்த்தியான சர்க்கரைதான் பிடிக்கும், இளகினால் ஆர்வம் குறையும். ஹம்மிங்பேர்ட் அதையும் குடிக்கும். அதிலும் போகாவிட்டால் ஃபீடரை ஒரு நாள் கழற்றி வைத்து, மறுநாள் சில மீட்டர் தள்ளி நிழலில் மாட்டுங்கள். பறவை தேடிக் கண்டுபிடித்துவிடும், குளவி பழைய இடத்தையே சுற்றிவிட்டுக் கலையும்.

அதே மாதங்களில் ஃபீடரின் மேலே பெரிய கும்பிடுபூச்சி ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சைனீஸ் மாண்டிஸ் என்னும் வெளிநாட்டு இனம் 10 சென்டிமீட்டர் வரை வளரும், ஹம்மிங்பேர்டைப் பிடித்துத் தின்னவும் கூடியது. ஒரு குச்சியில் ஏற்றித் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

கழுவல்

வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் (90 ஃபாரன்ஹீட்) தாண்டும் நாட்களில் தினமும் கலவையை மாற்ற வேண்டும். 27-31 டிகிரியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, 21-26 டிகிரியில் மூன்று நாளுக்கு ஒருமுறை. அதற்குக் கீழே ஐந்து நாள் வரை தாங்கும். குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் மாற்ற வேண்டும். மிச்சம் இருப்பதன்மேல் புதிதாக ஊற்றிச் சமாளிக்கக் கூடாது, பழையதில் இருக்கும் ஈஸ்ட் புதியதை ஒரே நாளில் புளிக்கவைத்துவிடும்.

கெட்ட கலவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். முதலில் கண்ணாடித் தெளிவு போய் லேசான கலங்கல் வரும். அடுத்து வெள்ளை நூல் போன்ற இழைகள் மிதக்கும், ஓரத்தில் பொடிக் குமிழிகள் ஒட்டியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த மாவின் வாடை. இதில் முதல் அடையாளம் தெரிந்ததுமே கொட்டிவிட வேண்டியதுதான்.

கறுப்புப் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. துளையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பூவை நெம்பிக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் வட்டமாக இருக்கும். மூடியும் கிண்ணமும் சேரும் ரப்பர் வளையத்தின் காடி இரண்டாவது இடம். மேலே பளபளவென்று இருக்கும் ஃபீடரிலும் இந்த இரண்டு இடமும் கறுத்திருக்கும்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எல்லாவற்றையும் கழற்றி, வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். துளைக்கு, பல் இடுக்குத் தேய்க்கும் சின்ன பிரஷ் அளவெடுத்தது போல இருக்கும். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகர் 1 பங்கு, வெந்நீர் 2 பங்கு கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி (15 மில்லி) வாசனை சேர்க்காத ப்ளீச். அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தேய்த்து, குழாய் நீரில் மூன்று நான்கு முறை அலசி, முழுதாகக் காயவிட வேண்டும். வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு வரும்.

ஒரே மாதிரி இரண்டு ஃபீடர் வாங்கிவைப்பது இந்த வேலையைப் பாதியாக்கும். ஒன்று வெளியே தொங்கும்போது மற்றது கழுவிக் காய்ந்து தயாராக இருக்கும்.

சண்டை

ஓர் ஆண் பறவை ஒரு ஃபீடரை முழுக்கச் சொந்தமாக்கிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் துரத்தும். அதன் தொண்டை நிழலில் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் ஒரு கோணத்தில் பட்டதும் மாணிக்கச் சிவப்பாகப் பளிச்சிடும். அந்த நிறம் சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்புவதால் வருவது. எதிரி வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக் காட்டும்.

பெரிய ஃபீடர் வாங்கினால் சண்டை தீராது. சின்னதாக மூன்று நான்கு வாங்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி மாட்டுங்கள். முன்வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காவல் காக்க அதால் முடியாது. ஆகஸ்டில் கூட்டம் மிக அதிகமானால் துரத்துகிற பறவையே சோர்ந்து விட்டுக்கொடுத்துவிடும். அந்த நேரத்தில் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதைவிடப் பல மடங்கு பறவைகள் உங்கள் தோட்டத்துக்கு வந்து போகின்றன. குடிக்கும் அளவு நாளுக்கு நாள் ஏறுவதை வைத்தே அதைத் தெரிந்துகொள்ளலாம், ஊற்றும் அளவையும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

பூச்செடிகள்

ஃபீடர் இல்லாமல் இந்தப் பறவை வாழும், பூவும் பூச்சியும் இல்லாமல் வாழாது. இடம் ஒரு செடிக்குத்தான் இருக்கிறது என்றால் கோரல் ஹனிசக்கிள் வையுங்கள் (லோனிசெரா செம்பர்வைரன்ஸ் என்று லேபிளில் இருக்க வேண்டும்). இந்த மண்ணின் கொடி. முதல் பறவை வரும் நேரத்திலேயே சிவந்த குழல்பூக்கள் வந்துவிடும், இலையுதிர் காலம் வரை விட்டு விட்டுப் பூக்கும். இரண்டு மீட்டர் பந்தல் சட்டமோ வேலியோ போதும். முதல் சுற்றுப் பூ ஓய்ந்த பிறகு கத்தரியுங்கள். பனிக்காலக் கடைசியில் கத்தரித்தால் அந்த வசந்தப் பூ போய்விடும். வசந்தத்தில் அசுவினி மொய்த்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். வெள்ளையும் மஞ்சளுமாக வாசனையோடு பூக்கும் ஜப்பானிய ஹனிசக்கிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது காடுகளை மூடிப் படரும் ஆக்கிரமிப்புக் கொடி. ட்ரம்பெட் க்ரீப்பர் இந்த மண்ணுக்கு உரியதுதான், பறவைக்கும் பிடிக்கும். ஆனால் வேர் தூரத்துக்கு ஓடி முளைக்கும், சுவரைப் பற்றி ஏறும். வீட்டை ஒட்டி வைக்க வேண்டாம்.

கார்டினல் ஃப்ளவர் (லொபீலியா கார்டினாலிஸ்) ஜூலை முதல் செப்டம்பர் வரை, கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பூக்கும். இந்த வட்டாரச் செங்களிமண் கோடையில் செங்கல்லாக இறுகிவிடும், இதற்கோ எப்போதும் ஈரம் வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயருகே, மட்கிய உரம் கலந்து வையுங்கள். பனிக்காலத்தில் தரையோடு ஒட்டிய பச்சை இலைக்கொத்து உயிரோடு இருக்கும். அதன்மேல் மல்ச் (மண்ணை மூடும் மரத்தூள், சருகு) கொட்டினால் அழுகிவிடும், அடுத்த வருடம் செடி வராது. பலருக்கு இந்தச் செடி ஒரே வருடத்தில் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

பீ பாம் (மொனார்டா டிடிமா) ஜூனில் பூக்கும். ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் சாம்பல் நோய் நிச்சயம் பிடிக்கும். 60 செ.மீ. இடைவெளி விட்டு, வசந்தத்தில் தண்டுகளில் மூன்றில் ஒன்றை நீக்கிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். 'ஜேக்கப் க்ளைன்' என்ற ரகம் நோயைச் சற்றுத் தாங்கும். தொட்டிக்கும் வெயில் இடத்துக்கும் சால்வியா காக்சினியா. கடைசி உறைபனி போன பிறகு, ஏப்ரல் நடுவில், விதையை மண்மேல் தூவி லேசாக அமுக்கிவிட்டால் போதும். பிறகு தானே விழுந்து முளைத்துக்கொள்ளும். சிவப்புக் கல்வாழையும் நல்ல தேர்வு. நம் ஊர்க் கிணற்றடியில் பார்த்த அந்தச் செடியின் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான், ஹம்மிங்பேர்டுக்குப் பழகிய பூ. நிழலும் ஈரமும் உள்ள மூலையில் ஜூவல்வீட் தானாக வந்தால் பிடுங்காமல் விடுங்கள், தெற்கே கிளம்பும் பறவைக்கு அது முக்கியமான தேன்.

நர்சரியில் வாங்கும்போது நியோநிகோட்டினாய்ட் வகைப் பூச்சிமருந்து போடாமல் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். அந்த மருந்து செடிக்குள் ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் வரும்.

பூச்சியும் கூடும்

சர்க்கரை பறப்பதற்கான எரிபொருள் மட்டும்தான். புரதம் முழுக்கக் கொசு, பூ ஈ, அசுவினி, சிலந்தி ஆகியவற்றிலிருந்து வருகிறது. குஞ்சுக்கு அதுவே முக்கிய உணவு. மாதாமாதம் ஆள் வைத்துத் தோட்டம் முழுவதும் கொசு மருந்து புகையடிக்கும் வீட்டில் ஃபீடர் மாட்டுவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவதாகும். தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்ட முடியாத தொட்டியில் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா வில்லை போடுங்கள், அது முக்கியமாகக் கொசுப் புழுவைக் குறிவைக்கும். கறுத்த வாழைப்பழத் தோலை வலைப்பையில் கட்டி ஃபீடர் அருகே தொங்கவிட்டால் பழ ஈக்கள் மொய்க்கும், பறவை அந்தரத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கொத்துவதைப் பார்க்கலாம்.

வெளிச்சுவர் ஒட்டடையைக் கோடையில் அடிக்காமல் விடுங்கள். கூட்டைக் கட்டிப் பிணைப்பது சிலந்தி இழைதான். கூடு குஞ்சோடு சேர்ந்து விரிந்துகொடுப்பதும் அதனால்தான். வெளியே பாசிப்பூஞ்சை ஒட்டியிருப்பதால் கிளையின் முடிச்சு போலவே தெரியும். பெரும்பாலும் இரண்டு முட்டை, இரண்டு வாரம் அடைகாப்பு, மூன்று வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். எல்லாம் பெண் பறவை தனியாகச் செய்கிறது. அதனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மரக்கிளை வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். கூட்டை நகர்த்துவதும் பறவையைப் பிடித்து வைத்திருப்பதும் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி குற்றம். அடிபட்ட பறவைக்கு, உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தை அழைக்க வேண்டும்.

கராஜ் கதவு மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்பு அவசரக் கைப்பிடியைக் கறுப்பு டேப்பால் சுற்றிவிடுங்கள். பூ என்று நினைத்து உள்ளே வரும் பறவை, வெளியேற மேல்நோக்கியே பறந்து கூரையடியில் சுற்றிச் சுற்றிக் களைத்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்டால் விளக்கை அணைத்து, கதவை முழுக்கத் திறந்து, ஃபீடரைக் கதவுக்கு வெளியே பறவை பார்க்கும்படி வையுங்கள். துரத்தாதீர்கள்.

அக்டோபருக்குப் பிறகு

ஃபீடர் இருந்தால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்ற பேச்சு தவறு. பகல் நேரம் குறைவதுதான் அதைக் கிளப்புகிறது. கிளம்புமுன் கொழுப்புச் சேர்த்து எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஃபீடரைக் கழற்றினால் பசியோடுதான் போகும். இந்த வட்டாரத்தில் அக்டோபர் நடுவுக்குள் பெரும்பாலானவை போய்விடும். கடைசிப் பறவையைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் வைத்திருங்கள், வடக்கிலிருந்து பிந்தி வருபவை அதை நம்பியிருக்கும்.

ஒரு ஃபீடரை மட்டும் பனிக்காலத்திலும் வைக்க எங்கள் பரிந்துரை. நவம்பருக்குப் பிறகு இங்கே தென்படும் ஹம்மிங்பேர்ட் மேற்கிலிருந்து வழிமாறி வந்த ரூஃபஸ் போன்ற வேறு இனமாக இருக்க வாய்ப்பு உண்டு. படம் எடுத்து, பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளமான ஈபேர்டில் பதியுங்கள், அப்படிப்பட்ட பதிவுகளால்தான் இவற்றின் பனிக்கால இருப்பிடம் புரிந்துவருகிறது. கலவை, தண்ணீரைவிடச் சற்றுக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். அதனால் லேசான உறைபனிக்குத் தாங்கும், கடும் இரவுக்குத் தாங்காது. உறையாமலிருக்கச் சர்க்கரையைக் கூட்ட வேண்டாம். இருட்டிய பிறகு ஃபீடரை உள்ளே எடுத்துவைத்து, விடியுமுன் அறைச் சூட்டில் இருக்கும் கலவையோடு வெளியே மாட்டுங்கள். இரவெல்லாம் உடல் வெப்பத்தைக் குறைத்து உறக்கநிலையில் கிடந்த பறவைக்கு, முதல் வெளிச்சத்தில் கிடைக்கும் அந்தச் சில மிடறுகள்தான் அவசரம். காலை ஏழு மணிக்கு மாட்டலாம் என்று விட்டால் அதற்குள் அது வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்.